நன்றிக்கு மட்டும்தான் உறவா?

ஒரு கட்டுரையை மறுக்க வேண்டுமென்றால் அதில் மறுப்பதற்கு ஏதாவது இருந்தாக வேண்டும். சென்ற மாத இதழில் ‘வராத அடிக்கு அழுகிறவர்கள்’ என்ற தலைப்பில் அன்பர் ஒருவர் எழுதியிருக்கும் ஆறு பக்கத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபத்தில். இரண்டாம் தடவை வாதத்தைத் தேடி. மூன்றாம் தடவை, வாதம் எங்காவது ஆச்சரியக்குறிகளுக்கு அடியில் நசுங்கிக் கிடக்கிறதோ என்ற நப்பாசையில். கிடைத்தவை இரண்டு பழமொழிகள், ஒரு புராணம், ஒரு சுயசரிதைத் துணுக்கு. இவ்வளவை வைத்துக்கொண்டு அவர் தீர்ப்பே எழுதிவிட்டார். தீர்ப்பென்று ஒன்று வந்தால் மேல்முறையீடும் வரத்தானே செய்யும்?

அவருடைய குற்றச்சாட்டு இதுதான். சின்ன வயதில் வீட்டிலோ பள்ளியிலோ அடியும் அவமானமும் தின்று வளர்ந்த சிலர், முப்பது நாற்பது வயதுக்கு மேல் அதிலிருந்து மீளப் பார்க்கிறார்கள். அதற்காக யூடியூபில் மனநலப் பாடம் நடத்துகிறவர்களின் காணொளிகளைக் கேட்கிறார்கள். கேட்கும்போது அந்த ஆசிரியரின் ஒரு சொல், ஒரு குரலேற்றம், ஒரு சிரிப்பு இவர்களைத் தைத்துவிடுகிறது. ‘என்னைத்தான் சொல்கிறார்’ என்று ராத்தூக்கம் கெட்டுப் புரள்கிறார்கள். இதற்கு அன்பர் வைத்திருக்கும் பெயர் ‘செல்லம் முற்றிய மனதின் சொகுசு நோய்’. மருத்துவப் பட்டம் எதுவும் அவர் பெயருக்குப் பின்னால் காணவில்லை. நோய்க்குப் பெயர் சூட்டும் பெருவிழாவுக்கு அது தேவையில்லை போலும்.

நடுநிலை பாவனை எனக்கு வராது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தச் சொகுசு நோயாளிகளில் நானும் ஒருவன். போன கார்த்திகையில் ஒரு ராத்திரி, குற்றவுணர்வு பற்றி ஒருவர் நடத்திய பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நல்ல ஆசிரியர், கறாராகவும் தெளிவாகவும் பேசுகிறவர். பேச்சின் நடுவே பேனாவால் மேஜையில் இரண்டு தட்டுத் தட்டி, “இனிமே இது உங்க பொறுப்புதான்” என்றார். பாடம் ஓடிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் கழித்து, வலது கை மரத்துப்போன பிறகுதான் பார்த்தேன், அது என் தொடைக்கு அடியில் இருந்தது. நான் வைக்கவில்லை, அதுவாகப் போய் ஒளிந்துகொண்டிருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் எங்கள் கணக்கு வாத்தியார், கேள்வி கேட்பதற்கு முன்னால் மர ஸ்கேலால் மேஜையில் இரண்டு தட்டுத் தட்டுவார். பதில் வராவிட்டால் அதே ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்து விரல் முட்டியில் இறக்குவார். கையை ஒளித்தவனுக்கு இரண்டு அடி கூடுதல். அன்று ராத்திரி அந்தக் காணொளிக்காரருக்கு ஒன்றரைப் பக்கம் வடிகட்டிய வசவில் ஒரு கடிதம் எழுதினேன், அனுப்பவில்லை. காலையில் அதே இடத்தை மறுபடி போட்டுப் பார்த்தபோது, மனிதர் சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருந்தார்.

இனி அன்பரின் வாதங்களுக்கு வருவோம். அவற்றை வாதங்கள் என்று அழைப்பது என் பெருந்தன்மை.

முதலாவது: திரையில் இருப்பவருக்கு நீங்கள் யாரென்றே தெரியாது, தெரியாதவர் எப்படிப் புண்படுத்துவார்? அது உறவே இல்லை, உறவு இருப்பதாக நினைப்பது தன்முனைப்பு. இரண்டாம் பக்கத்தில் இப்படி அடித்துச் சொல்லிவிட்டு, நான்காம் பக்கத்தில் அதே அன்பர், ‘வீட்டுக்குள் வந்து இலவசமாக ஞானம் தரும் இந்த குருமார்களுக்கு நாம் பட்ட கடன் ஏழு தலைமுறைக்கும் தீராது’ என்று உருகுகிறார். உறவே இல்லாத இடத்தில் கடன் எங்கிருந்து வந்தது ஐயா? நன்றி கேட்கும்போது அவர் குரு, நம் வீட்டுக்குள் வந்தவர், ஏழு தலைமுறைக்கும் சொந்தம். வலிக்கிறது என்று ஒருவன் சொன்னால் உடனே அவர் வெறும் ஒளிப்புள்ளிகள், நமக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்தி இல்லை. வரவுக்கு ஒரு பேரேடு, செலவுக்கு வேறொரு பேரேடு என்று வைத்துக்கொள்ளும் கணக்குப்பிள்ளையை ஊரில் என்ன பெயர் சொல்லி அழைப்பார்கள் என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

கதையாவது ஒழுங்காகச் சொன்னாரா? குருபக்திக்கு அவர் இழுத்து வந்திருப்பது ஏகலைவனை! துரோணர் அவனுக்கு ஒரு நாளும் பாடம் சொல்லவில்லை, சேர்த்துக்கொள்ளவே மறுத்தார். அவன் மண்ணால் ஓர் உருவம் பிடித்து வைத்து, அதன் முன்னால் நின்று தானாகக் கற்றான். முகம் உண்டு, பார்வை கிடையாது. குரு உண்டு, அவருக்குச் சீடனைத் தெரியாது. நம்முடைய யூடியூப் மாணவனுக்கு இவனைவிடப் பொருத்தமான மூதாதை யார்? அந்த ஒருபக்க உறவில் கடைசியில் போனது உண்மையான கட்டைவிரல். மண்ணால் செய்த விரலைக் கொடுத்தால் போதும் என்று துரோணர் விட்டுவிடவில்லை. ஒருபக்க உறவில் காயம் சாத்தியமில்லை என்று சொல்லிக்கொண்டே இந்தக் கதையைத் தேர்ந்தெடுத்த துணிச்சலை என்னவென்று சொல்ல?

இந்த ஒருபக்க நெருக்கம் நேற்று முளைத்த சங்கதியும் இல்லை. 1956இலேயே டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேசுகிறவர்களோடு நேயர்களுக்கு உண்டாகும் உறவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். நேயர் ஏமாளி என்பதல்ல அவர்கள் கண்டது. நேராகப் பார்த்துப் பேசுவது, பதில் வந்ததுபோல ஒரு கணம் நிறுத்துவது, பழகியவர்போல நடந்துகொள்வது என்று அந்த நெருக்கத்தைப் பேசுகிறவரே வேலை மெனக்கெட்டு உண்டாக்குகிறார் என்பதுதான். இது அன்பருக்குத் தெரியாததா? அவரே பன்னிரண்டு வாரத்துக்கு இணையவழியில் ஆளுமை வகுப்பு நடத்துகிறார். கட்டணத்துக்குக் குறைவில்லை. அதன் விளம்பரத்தில், ‘நான் உங்கள் கண்ணைப் பார்த்துப் பேசுகிறேன், உங்களுக்காகவே பேசுகிறேன்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார். விற்கும்போது ‘உங்களுக்காகவே’, வாங்கியவன் தனக்காகவே சொன்னதாக எடுத்துக்கொண்டால் அது தன்முனைப்பு! சரக்கு விற்பனைக்கு உண்டு, புகாருக்குக் கடை கிடையாது. ‘வராத அடிக்கு அழுகிறவர்கள்’ ஏன் எழுதப்பட்டது என்று நான் சொல்லித்தான் வாசகர்களுக்குத் தெரிய வேண்டுமா?

இரண்டாவது: மனவடு என்பதே மேற்கத்திய இறக்குமதிச் சரக்கு, நம் மண்ணில் அப்படியொரு நோய் கிடையாது. வள்ளுவரை மேடைக்கு மேடை தூக்கிச் சுமக்கிறவர்கள் 129ஆம் குறளையாவது ஒரு தரம் பிரித்துப் பார்க்கலாம். நெருப்பு சுட்டதைப் புண் என்றும், நாக்கு சுட்டதை வடு என்றும் இரண்டு சொல் போட்டுப் பிரித்து, முன்னது உள்ளே ஆறும், பின்னது ஆறாது என்று அவர் சொன்னபோது சரக்குக் கப்பல் எந்தத் துறைமுகத்திலிருந்து வந்தது? அவ்வளவு தூரம் போக வேண்டாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்று நம் பாட்டிகள் சொன்னார்களே, பழைய பயம் புதிய இடத்தில் வந்து உட்காருவதை இதைவிடச் சுருக்கமாக எந்த மனநல நூல் சொல்லியிருக்கிறது? டோரா என்று பெயர் மாற்றி எழுதிய நோயாளியின் கதையை 1905இல் ஃப்ராய்ட் வெளியிட்டபோது, பழைய ஆள்மீது இருந்த உணர்ச்சி புதிய ஆள்மீது இடம்பெயர்வதைப் புத்தக மறுபதிப்புக்கு ஒப்பிட்டார். உள்ளடக்கம் பழையது, அட்டை புதியது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பு, நெடுநாள் கொடுமையில் விளையும் சிக்கலான மனவடுவுக்குத் தனி இடமே கொடுத்திருக்கிறது. உணர்ச்சி கட்டுக்குள் நிற்காமை, தன்னைப் பற்றிய தாழ்வெண்ணம், உறவுகளில் தடுமாற்றம் என்று அடையாளமும் சொல்கிறது. பாட்டி சொன்னால் பத்தாம்பசலித்தனம், ஜெனிவா சொன்னால் இறக்குமதி. அன்பர் நம்புகிற மாதிரி வேறு யார்தான் வந்து சொல்வது?

மூன்றாவது, எல்லோருக்கும் பிடித்த பல்லவி: எங்கள் காலத்தில் அடி வாங்காதவன் யார், நாங்கள் உருப்படவில்லையா, அடியாத மாடு படியாது, அடி உதவுவதுபோல அண்ணன் தம்பி உதவமாட்டான். படியாது என்று பழமொழி சொல்வது மாட்டைப் பற்றி. படிதல் வேறு, படித்தல் வேறு என்பது மூன்றாம் வகுப்பு இலக்கணம். அடித்தால் மாடு படியும். பிள்ளை படிப்பான் என்று யார் சொன்னது? என்னோடு ஐந்தாம் வகுப்பில் இருந்தவர்களில் நாலு பேர் அந்த ஸ்கேலுக்குப் பயந்தே பள்ளிக்கு முழுக்குப் போட்டார்கள். ஒருவன் லாரி கிளீனராகப் போனான். ஒருவன் ஆடு மேய்த்தான். ‘அடியால் உருப்பட்டேன்’ என்று பத்திரிகையில் எழுதும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை. தாங்கி நின்றவன் மட்டும் சாட்சிக்கூண்டில் ஏறினால், பிரம்பு எப்போதும் விடுதலையாகத்தானே செய்யும்?

உருப்பட்டவர்களின் கதைதான் என்ன? 1998இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் கூட்டாளிகளோடு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மருத்துவப் பரிசோதனைக்கு வந்த 9,508 பேரிடம் அவர்களுடைய பிள்ளைப் பருவத்து வீட்டு நிலவரத்தை விசாரித்தார்கள். நாலு வகையோ அதற்கு மேலோ கொடுமை பட்டவர்களுக்குக் குடி, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம், ஒன்றும் படாதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு. அவர்கள் தெருவில் கிடந்தவர்கள் இல்லை. பெரும்பாலும் காப்பீடு எடுத்திருந்த நடுத்தர வர்க்கம், அன்பரின் அகராதிப்படி ‘உருப்பட்டவர்கள்’. எங்கள் அப்பா அடி வாங்கியும் நன்றாகத்தான் இருந்தார் என்று சொல்கிற வீடுகளில், அப்பா சாயங்காலம் எந்தக் கடை வழியாக வீடு திரும்பினார் என்ற கேள்வியையும் ஒரு தரம் கேட்டுப் பார்க்கலாம்.

அடியெல்லாம் அந்தக் காலத்துச் சமாசாரம், அதை இன்னும் பேசுவது ஃபேஷன் என்றும் ஒரு வரி. பிரம்படிக்கு இடம் தந்த கல்வி விதியைத் தமிழ்நாடு 2003இல்தான் நீக்கியது. மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி செல்லும் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பேர் அங்கே அடி வாங்கியதாகச் சொன்னார்கள். உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுத்தது 2009இல். அந்த ஆய்வில் பதில் சொன்ன பிள்ளைகளுக்கு இன்று முப்பது வயது சொச்சம் இருக்கலாம். ராத்திரியில் காணொளி பார்க்கிறவர்கள் அவர்கள்தான். அந்தக் காலம் இன்னும் வாடகை கொடுத்துக்கொண்டு நம் தெருவிலேயே குடியிருக்கிறது.

நான்காவது: நம்முடையது குருகுல மரபு, ஆசிரியர் கடிந்தால் ஏற்பதே மாணவன் இலக்கணம். மரபைப் பேசுகிறவர் மரபின் இலக்கண நூலைப் பார்க்க வேண்டாமா? 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்திலேயே ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும், எப்படி இருக்கக் கூடாது என்று பட்டியல் போட்டுவிட்டார். நல்லாசிரியருக்கு நிலம், மலை, தராசு, மலர் என்று நாலு உவமை. மலர் எதற்கென்றால் மென்மைக்கும் முகமலர்ச்சிக்கும். ஆகாத ஆசிரியருக்கும் நாலு உவமை. அதில் ஒன்று மடற்பனை. கருக்கும் மட்டையுமாக நின்று யாரையும் ஏறவிடாது. பழம் தானாக விழுந்தால்தான் உண்டு. நம் கணக்கு வாத்தியார்களின் புகைப்படம் 800 ஆண்டுக்கு முன்பே எடுக்கப்பட்டிருக்கிறது. பாடம் சொல்லத் தகாத மாணாக்கர் என்று அவர் கொடுக்கும் பட்டியலோடு எனக்குத் தனிச் சண்டை உண்டு. ஆனால் அங்கேகூட, சோம்பேறிக்கும் திருடனுக்கும் பாடம் சொல்லாதே என்கிறாரே தவிர, அடித்துச் சொல் என்று சொல்லவில்லை. நன்னூல் முழுவதிலும் பிரம்பைத் தேடி எடுத்துக் கொடுத்தால் அன்பருக்குப் பொன்னாடை போர்த்தக் காத்திருக்கிறேன்.

நன்றிக்கும் அடிக்கும் முடிச்சுப் போடுகிறவர் உ.வே.சாமிநாதையரை நினைத்துப் பார்க்கட்டும். அவருடைய ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் இறந்துபோனார். அறுபது ஆண்டுக்குக் கிட்ட ஆன பிறகு, 1933, 1934 ஆண்டுகளில், எண்பதைத் தொடும் வயதில் ஐயர் அவருடைய சரித்திரத்தை இரண்டு பாகமாக எழுதி வெளியிட்டார். அந்த நன்றி பிரம்பில் விளைந்ததா? தான் சிரமத்தில் இருந்தபோதும் மாணவர்களுக்குச் சோறும் தமிழும் சேர்த்துக் கொடுத்த மனிதரின்மேல் விளைந்தது. திரைக்கு வெளியே நிற்கும் இன்றைய ஏகலைவன்கள் தேடி அலைவதும் அப்படி ஒருவரைத்தான். அதனால்தான் அவர் முகம் சுளித்தால் அவர்களுக்கு அவ்வளவு வலிக்கிறது.

ஐந்தாவது: வலித்தால் காணொளியை மூடிவிட்டுப் போங்கள், நேராக டாக்டரைப் பாருங்கள். பொத்தானை அமுக்கினால் படம் நிற்கும். தொடைக்கு அடியில் போன கை வெளியே வருமா? மூடிவிட்டுப் போகும் வித்தையில் எனக்கு முப்பது வருட அனுபவம். கணக்கை மூடினேன், சத்தம் போட்டுப் பேசிய மேலதிகாரியின் வேலையை மூடினேன், இரண்டு சிநேகிதங்களை மூடினேன். டாக்டர் விஷயத்துக்கு வந்தால், 2015-16இல் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனநலக் கோளாறு உள்ளவர்களில் சிகிச்சை கிடைக்காதவர்கள் நோய்க்குத் தகுந்தபடி 70 முதல் 92 சதவீதம் என்கிறது. டாக்டர் கிடைக்காதவன்தான் காணொளிக்கு வருகிறான். அவனிடம் ‘ரொட்டி இல்லையா, கேக் சாப்பிடு’ பாணியில் யோசனை சொல்வது எழுத்தாளருக்கு அழகா?

மூடிக்கொண்டு போ என்ற இந்த யோசனைக்கு ஒரு பழைய வரலாறும் உண்டு. 1932இல் வீஸ்பாடனில் நடந்த உளப்பகுப்பாய்வு மாநாட்டில், ஃப்ராய்டின் சீடரான ஷாண்டோர் ஃபெரன்சி ஒரு கட்டுரை வாசித்தார். பிள்ளைப் பருவத்தில் பட்டவர்களிடம் சிகிச்சையாளர் ஒட்டாமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தால், அதுவே பழைய கொடுமையை மறுபடி நடத்திக் காட்டுகிறது என்றார். அந்தக் குற்றச்சாட்டில் தன்னையும் சேர்த்துக்கொண்டார். அதை வாசிக்க வேண்டாம் என்று தடுக்கப் பார்த்தவர் குருவான ஃப்ராய்டேதான். மறு ஆண்டு ஃபெரன்சி இறந்துபோனார். கட்டுரை ஆங்கிலத்தில் வர 1949 ஆயிற்று. பட்டது பாதி, ‘அப்படி ஒன்றும் நடக்கவில்லை’ என்று பெரியவர்கள் சொல்வது மீதி என்பதை அவர் அன்றே கண்டுகொண்டார். ‘வராத அடி’ என்று தலைப்பு வைத்த அன்பர் அந்த மீதிப் பாதியைத்தான் ஆறு பக்கத்துக்குப் பரிமாறியிருக்கிறார்.

கடைசியாக ஒரு பூச்சாண்டி: இப்படியே போனால் வாத்தியார் வாயைத் திறக்கவே முடியாது! யார் மூடச் சொன்னது? பேனாவால் மேஜையைத் தட்டியவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை; அவர் தட்டியது அவர் மேஜையை. எனக்குள் எழுந்தது என்னுடையது, அதைத் தீர்க்கும் வேலையும் என்னுடையது. அந்தக் காலையில் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒரு தாளில் நடுவே கோடு போட்டேன். இடப்பக்கம் அவர் சொன்னது, வலப்பக்கம் எனக்குக் கேட்டது. ‘இனிமே இது உங்க பொறுப்புதான்’ என்பதற்கு எதிரே, ‘தப்பு உன்னோடதுடா, கையை நீட்டு’ என்று என் கை எழுதியது. இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவே ஓடுகிற கோடுதான் என் சிகிச்சை. அன்பர் சொன்னபடி பொத்தானை அமுக்கிவிட்டுப் படுத்திருந்தால் அந்தக் கோடு விழுந்திருக்காது. தனிப்பட்ட முறையில் எடுத்துக்கொண்டதால்தான் அது எந்தத் தனி மனிதரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்தது. இதில் வாத்தியாரின் வாயை யார் கட்டினார்கள்?

முடிப்பதற்கு முன் அந்தச் சுயசரிதைத் துணுக்கு. அதை இவ்வளவு நேரம் தொடாமல் வைத்திருந்தேன், ஏனென்றால் கட்டுரையில் உண்மையாக எழுதப்பட்ட இடம் அது ஒன்றுதான். அன்பரே, எட்டாம் வகுப்பில் தமிழய்யா புளியமிளாறால் அடித்ததையும், நீங்கள் அன்று நீலக் கோடு போட்ட சட்டை அணிந்திருந்ததையும், ‘அந்தப் பதினோரு அடிக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்’ என்பதையும் எழுதியிருக்கிறீர்கள். நாற்பத்திரண்டு வருடம் ஆகிறது என்றும் நீங்களே கணக்குச் சொல்கிறீர்கள். அன்று நடத்திய பாடம் என்ன, செய்யுளா உரைநடையா என்று ஒரு வரிகூட இல்லை. நல்ல அடி என்று எழுதியிருக்கலாம். பத்துப் பன்னிரண்டு என்று எழுதியிருக்கலாம். பதினொன்று என்று எழுதியிருக்கிறீர்கள். அடிபட்டுக்கொண்டே எண்ணிய பையன் ஒருவன் அங்கே நிற்கிறான். அவன் எண்ணியது நன்றி சொல்வதற்காக இல்லை.